டிசம்பர் 25 அன்று பள்ளிக்கூடம் உண்டு

தாய்லாந்துக்கு மழலையர் ஆசிரியர்களை அனுப்பும் டெல்டா மாவட்டப் பயிற்சி நிலையங்களுக்கும் பங்குப் பேரவைகளுக்கும் (கிறிஸ்தவக் கோயில் குழுக்களுக்கும்) ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்க்கு,

வணக்கம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து தாய்லாந்துக்கு மழலையர் ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு நீங்கள் பயிற்சி கொடுக்கிறீர்கள், கோயிலில் செபம் சொல்லி வழியனுப்புகிறீர்கள். சம்பளம், தங்குமிடம், உச்சரிப்பு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறீர்கள். டிசம்பரைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. அங்கே டிசம்பர் 25 வேலை நாள். விடுமுறை கிடையாது, ஆனால் விழா உண்டு. வெளிநாட்டு ஆசிரியர் என்ற ஒரே காரணத்துக்காக அந்த விழாவை நடத்தும் பொறுப்பு இவர் தலையில் வந்து விழும். போகிறவர் இந்துவானாலும் இஸ்லாமியரானாலும் விழும். ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவருக்குக் கிறிஸ்துமஸும் தெரிந்திருக்கும் என்பது அங்கே பொதுவான எண்ணம். ஆகவே இந்த மடல் கிறிஸ்தவப் பிள்ளைகளை அனுப்புகிறவர்களுக்கு மட்டும் எழுதியது அல்ல.

மழலையர் கல்வியில் வேலை செய்யும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். போகிறவர்களுக்கு டிசம்பருக்கென்றே தனியாக ஒரு நாள் வகுப்பு வையுங்கள். அந்த வகுப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறோம்.

காலண்டரிலிருந்து தொடங்குவோம். தாய்லாந்தில் அரசுப் பள்ளிகளின் ஆண்டு மே நடுவில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. இரண்டாம் பருவம் நவம்பரில் ஆரம்பம் என்பதால் டிசம்பர் பருவத்தின் நட்டநடுவில் இருக்கிறது. அந்த மாதத்து அரசு விடுமுறைகள்: 5-ஆம் தேதி, மறைந்த பூமிபோல் மன்னரின் பிறந்த நாள், அதுவே தந்தையர் தினம், 10-ஆம் தேதி அரசியல் சாசன நாள், அப்புறம் 31-உம் ஜனவரி 1-உம். 25 அந்தப் பட்டியலில் இல்லை. 2026-இல் அது வெள்ளிக்கிழமை. அதாவது வியாழன் இரவுத் திருப்பலிக்குப் போய்விட்டு, மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொடியேற்றி நாட்டுப்பண் பாடும்போது பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டும். சில கத்தோலிக்கப் பள்ளிகள் அன்று விடுமுறை விடும், அல்லது திருப்பலியோடு விழாவாக நடத்தும். பாங்காக்கின் அசம்ப்ஷன் கல்லூரி 1885-இல் தொடங்கியது. அந்தக் காலம் முதலே அங்கே கிறிஸ்தவப் பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் படிக்கிறவர்களும் பெரும்பாலும் பௌத்தப் பிள்ளைகள்தான். எந்த வகைப் பள்ளி, 25 அன்று விடுமுறை உண்டா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்கிக் கொள்ளச் சொல்லுங்கள். சொந்த வேலைக்கான விடுப்பை அங்கே 'லா கிட்' என்பார்கள். அதை நவம்பர் முதல் வாரத்திலேயே எழுத்தில் கேட்க வேண்டும். டிசம்பர் 20-க்கு மேல் கேட்டால், விழா நடத்த வேண்டியவரே விழாவன்று விடுப்பு கேட்பதாகத்தான் படும்.

தேதி எழுதும்போது ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. பள்ளிக் காகிதங்களில் ஆண்டு புத்த சகாப்தத்தில் இருக்கும். 2026 என்பது 2569. 543 கழித்தால் நம் கணக்கு வரும். இதைச் சொல்லாமல் விட்டால் முதல் விடுப்பு விண்ணப்பத்திலேயே தடுமாறுவார்கள்.

எப்படியாவது கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று சிலர் துடிப்பார்கள். இங்கேதான் பெரிய பள்ளம். வேலை விசாவை ஆண்டுக்கணக்கில் நீட்டித்து வாங்கியிருப்பவர், மறுநுழைவு அனுமதி எடுக்காமல் நாட்டை விட்டு வெளியேறினால் அந்த நீட்டிப்பு அப்போதே செத்துவிடும். விமானத்தில் ஏறிய நொடியோடு சரி. திரும்பிப் போகும்போது விசா, வேலை அனுமதி எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். குடிவரவு அலுவலகத்தில் டி.எம்.8 படிவம், ஒரு புகைப்படம், கடவுச்சீட்டு நகல் கொடுத்தால் அனுமதி கிடைக்கும். ஒருமுறைக்கு 1000 பாட், பலமுறைக்கு 3800 பாட். சர்வதேச விமான நிலையத்திலும் எடுக்கலாம் என்றாலும் டிசம்பர் கூட்டத்தில் அதை நம்பிப் போக வேண்டாம். திரும்பும்போது இன்னொரு வேலை: 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லாரும் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பினால் போதும், கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகர் தளம். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்கும் கணக்கும் திரும்பி நுழைந்த நாளிலிருந்து புதிதாக ஓடத் தொடங்கும்.

எங்களைக் கேட்டால், ஊருக்கு வர ஏற்ற காலம் டிசம்பர் அல்ல, மார்ச் கடைசியிலிருந்து மே நடு வரையிலான நீண்ட விடுமுறை. டிக்கெட் விலையும் பெரும்பாலும் டிசம்பரைவிடக் குறைவு, ஈஸ்டரும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். கிறிஸ்துமஸை அங்கேயே கழிக்க மனத்தைத் தயார் செய்து அனுப்புவதுதான் நல்லது.

இன்னொன்று. 24-ஆம் தேதி ஏதாவது விடுதியிலோ வணிக வளாகத்திலோ கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடக் கூலி தருகிறேன் என்று யாராவது கூப்பிடுவார்கள். வேலை அனுமதியில் பதிவாகாத இடத்தில் கூலிக்கு நிற்பது வம்பு, போக வேண்டாம். சுற்றுலாவாக நுழைந்து வகுப்பில் நிற்கும்படி சொல்லும் முகவரைப் பற்றித் தனியாகச் சொல்லவே தேவையில்லை. அது நேராகச் சட்டவிரோதம்.

இனி வகுப்பறை. அங்கே மழலையர் பிரிவுக்குப் பெயர் 'அனுபான்', சமஸ்கிருதத்திலிருந்து போன சொல். ஆசிரியருக்கு 'க்ரூ', நம் குருதான். மூன்று முதல் ஆறு வயது வரை மூன்று வகுப்புகள். ஒவ்வொரு வகுப்பிலும் தாய்லாந்து ஆசிரியர் ஒருவரும், நம்மூர் ஆயாம்மா போல 'பீ லியாங்' என்ற உதவியாளரும் இருப்பார்கள். வெளிநாட்டு ஆசிரியர் அந்த வகுப்புக்குள் வந்து போகிறவர். இந்த இருவரையும் மீறி எதுவும் நடக்காது. விழாத் திட்டத்தைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோகும் முன் இவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். 'க்ரெங் ஜாய்' என்று ஒரு குணம் அங்கே உண்டு. அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். சிரித்துவிட்டுச் சும்மா இருந்தால் அது சம்மதம் அல்ல. "இதில் எதை மாற்றலாம்?" என்று கேட்டால்தான் பதில் வரும். "சரியா?" என்று கேட்டால் எப்போதும் சரி என்பார்கள்.

வகுப்பின் முன்சுவரில் கரும்பலகைக்கு மேல் தேசியக் கொடி, புத்தர் படம் அல்லது சிலை, மன்னர் படம் மூன்றும் வரிசையாக இருக்கும். நாடு, மதம், மன்னர் என்று பொருள். தோரணத்தையும் மின்விளக்குச் சரத்தையும் அந்தச் சுவரில் கட்டவே வேண்டாம். மன்னர் படத்தின் குறுக்கே ஒரு பலூன் நூல் போனாலும் தவறு. அரசரை அவமதித்த குற்றத்துக்கு அந்த நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. பிள்ளைகள் வகுப்பில் அந்த அளவுக்குப் போகாது, ஆனால் வேலை போகும். பக்கச் சுவரும் பின்சுவரும் தாராளமாகக் கிடக்கின்றன, அலங்காரம் அங்கே. கிறிஸ்து பிறப்புக் குடிலைப் புத்தர் அலமாரிக்குக் கீழே வைக்கக் கூடாது, அதே பலகையிலும் வைக்கக் கூடாது. தனி மேசை போடுங்கள். டிசம்பர் 5 வரை மேடை முழுக்க மஞ்சள் நிறத்தில் தந்தையர் தின ஏற்பாடு நடக்கும். சிவப்பும் பச்சையும் அதற்கு அப்புறம்தான் வெளியே வர வேண்டும். அரச துக்கம் அறிவித்திருந்தால் ஆட்டபாட்டமே குறையும். 2016 அக்டோபரில் பூமிபோல் மன்னர் மறைந்தபோது அது ஓராண்டு நீடித்தது. அப்படிப்பட்ட ஆண்டில் பள்ளி சொல்வதுதான் முடிவு.

நம்மூரில் குழந்தையின் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் செய்வோம். அங்கே தலை உடம்பிலேயே உயர்ந்த இடம், கண்டவர் தொடுவது மரியாதைக் குறைவு. தட்டிக் கொடுப்பதென்றால் தோளில். காலால் எதையும் சுட்டக் கூடாது, நகர்த்தவும் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் பாயில் தூங்குவார்கள். அலங்காரம் கட்ட அதுதான் நேரம் என்று அவர்களைத் தாண்டித் தாண்டி நடப்பார்கள் நம் ஆட்கள். படுத்திருப்பவரைத் தாண்டுவது பெரிய தப்பு, சுற்றித்தான் போக வேண்டும். வாழ்த்தட்டையில் பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதாமல் இருப்பதும் நல்லது. இறந்தவர் பெயரோடு சேர்த்து நினைக்கும் வழக்கம் பெரியவர்களிடம் உண்டு. கிறிஸ்துமஸ் என்றதும் கை சிவப்புப் பேனாவைத்தான் தேடும், அதனால் சொல்கிறோம்.

நிகழ்ச்சி எவ்வளவு நேரம்? மூன்று, நான்கு வயதுக்கு மேடையில் 2 நிமிடம், மிஞ்சினால் 3. ஐந்து, ஆறு வயதுக்கு 4 நிமிடம். எட்டு வரிக்கு மேல் பாட்டு வேண்டாம், மூன்று கை அசைவு போதும். நான்கு வாரம் முன்னால் தொடங்க வேண்டும், ஆனால் ஒத்திகை நாளுக்கு 10 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. முதல் வாரம் பாட்டைக் காதில் போட்டால் போதும். கை கழுவும்போதும் பொம்மை எடுத்து வைக்கும்போதும் ஓடட்டும். இரண்டாம் வாரம் அசைவு, மூன்றாம் வாரம் வரிசை, நான்காம் வாரம் மேடையும் ஒலிபெருக்கியும். நவம்பர், டிசம்பரில் பல பள்ளிகளில் வண்ண அணிகள் மோதும் விளையாட்டு விழாவும் வரும். ஒத்திகை நேரத்தை அது தின்றுவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக் கொள்ள வேண்டும்.

கெட்டுப்போவது எங்கே? பெரும்பாலும் பாட்டின் வேகத்தில். இணையத்தில் கிடைக்கும் ஒலிப்பதிவு பிள்ளைகளுக்கு வேகம் அதிகம். கைப்பேசியிலேயே 80 முதல் 85 சதவீதமாகக் குறைத்து ஓட விடலாம். அடுத்து, இடம் வலம் குழம்புவது. ஆசிரியர் மேடைக்குக் கீழே பிள்ளைகளைப் பார்த்து நின்று ஆடும்போது கண்ணாடி போல ஆட வேண்டும், அவர்கள் வலக்கை தூக்க வேண்டிய இடத்தில் இவர் இடக்கை. மேடைத் தரையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டினால் 30 பேரும் ஒரே மூலையில் குவிய மாட்டார்கள். பெற்றோரைக் கண்டதும் அழும் பிள்ளை யார் என்பது மூன்றாம் வாரத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையை ஓரத்தில், பீ லியாங்குக்குக் கை எட்டும் தூரத்தில் நிறுத்துங்கள். தொப்பி ரப்பர் கழுத்தை அறுக்கும், ஒத்திகை நாளிலேயே போட்டுப் பழக்க வேண்டும்.

தாடி வைத்த தாத்தாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு முகம் மறைத்த ஆள் யாரானாலும் பயம்தான். திடீரென்று கதவைத் திறந்து, மணி அடித்து, சத்தம் போட்டு உள்ளே வந்தால் பாதி வகுப்பு அலறும், மீதி வகுப்பு அதைப் பார்த்து அலறும். அதனால் பிள்ளைகள் கண்முன்னாலேயே உட்கார்ந்து வேடம் போட வேண்டும். முதலில் சட்டை, பிறகு தொப்பி, கடைசியில் தாடி. தாடியை ஒருமுறை எடுத்துக் காட்டி மறுபடி மாட்டிக் கொண்டால் சிரிப்பார்கள். வாசலில் நின்று பிள்ளைகளைத் தன்னிடம் வர விட வேண்டும், தூக்கி மடியில் வைத்துப் படம் எடுக்கக் கூடாது. பாங்காக் பக்கம் டிசம்பர் பகலிலும் 30 டிகிரியைத் தொடும். பாலியெஸ்டர் அங்கியும் வயிற்றுத் தலையணையும் போட்டுக் கொண்டு 20 நிமிடத்துக்கு மேல் தாங்காது. உள்ளே பருத்தி பனியன், பக்கத்தில் தண்ணீர், முடிந்தால் தலையணை இல்லாமல். ஒல்லித் தாத்தாவைப் பிள்ளைகள் குறை சொல்ல மாட்டார்கள்.

மொழியில் ஒரு வேடிக்கை நடக்கும். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் 'ஸ்' ஒலி நிற்காது, 'ட்' ஆகிவிடும். 'ல்' கடைசியில் வந்தால் 'ன்' ஆகும். ஆகவே கிறிஸ்துமஸ் 'கிரிட்மாட்' ஆகும், பெல் 'பென்' ஆகும். 'ஸ்டார்' என்ற சொல்லை அவர்கள் 'சதா' என்று பிரித்துச் சொல்வார்கள். நம் ஆட்களோ 'இஸ்டார்' என்பார்கள். இரண்டு தப்பும் ஒரே வகுப்பில் சந்தித்தால் டிசம்பர் முடிவதற்குள் 30 பிள்ளைகளும் தெளிவாக 'இஸதா' என்று சொல்லப் பழகிவிடுவார்கள். போகும் முன்பே நம் ஆசிரியர் நாக்கில் உள்ள 'இ'யை எடுத்துவிட வேண்டும். பாம்பு சீறுவது போல 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்து, நிறுத்தாமல் 'டார்' சேர்க்கும் பயிற்சி, நாளுக்கு 5 நிமிடம், இரண்டு வாரம். புதிய சொற்கள் விழாவுக்கு மொத்தம் எட்டு போதும்: நட்சத்திரம், மணி, மரம், பரிசு, தொப்பி, குழந்தை, ஆடு, விளக்கு, இவற்றின் ஆங்கிலப் பெயர்கள்.

அடுத்து, நீங்கள் கேட்க விரும்பாத செய்தி. அரசுப் பள்ளியிலும் சாதாரணத் தனியார் பள்ளியிலும் இது ஆங்கில வகுப்பின் பண்பாட்டுப் பாடம், மறைக்கல்வி அல்ல. கிறிஸ்தவர்கள் ஒரு குழந்தையின் பிறந்த நாளைக் கொண்டாடுகிறார்கள், அதற்கு நட்சத்திரம் கட்டுகிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள் என்று ஐந்தாறு வாக்கியத்தில் சொல்லலாம். மண்டியிடச் சொல்வது, சிலுவை அடையாளம் போடச் சொல்வது, செபம் ஒப்பிக்க வைப்பது எதுவும் கூடாது. புத்தரோடு ஒப்பிட்டுப் பேசுவதும் வேண்டாம், உயர்வாகவும் வேண்டாம், தாழ்வாகவும் வேண்டாம். குடிலில் சுரூபத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் தாமாகவே கைகூப்பி 'வாய்' (Wai) என்னும் வணக்கம் செய்வார்கள். புனிதமாகத் தெரியும் எதற்கும் அவர்கள் அப்படித்தான் செய்வார்கள், வளர்ப்பு அப்படி. தடுக்க வேண்டாம், பொருள் கற்பிக்கவும் வேண்டாம். முக்கியமாக, அதைப் படம் பிடித்துப் பங்கு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்காதீர்கள். "பௌத்த நாட்டில் நம் பிள்ளையின் நற்செய்திப் பணி" என்று ஒரு தலைப்போடு அந்தப் படம் சுற்றத் தொடங்கினால், மொழிபெயர்ப்புப் பொத்தானைத் தட்டிப் படித்துப் பார்க்கப் பள்ளிக்கு ஒரு நிமிடம் போதும். தாய்லாந்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 ஜூனிலிருந்து முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். வெறும் கைவேலைப் படம் கேளுங்கள், குடில் படம் கேளுங்கள். பிள்ளைகள் முகம் வேண்டாம்.

நாடு முழுக்கக் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான். தெற்கே பட்டானி, யாலா, நராதிவாட் மாநிலங்களில் வகுப்பு முழுக்க முஸ்லிம் பிள்ளைகளாக இருக்கலாம். அங்கே கிறிஸ்துமஸே நடத்தாமல் புத்தாண்டு விழாவாக வைப்பது நல்லது. பள்ளி அதைத்தான் விரும்பும்.

பரிசுகளில் எச்சரிக்கை வேண்டும். பாடும் வாழ்த்தட்டை, மினுங்கும் மோதிரம் போன்றவற்றில் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். பிள்ளை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடலாம். திருகாணி போட்டு மூடாத எதையும் வாங்கக் கூடாது. உடைந்த பலூன் துண்டு, கெட்டியான மிட்டாய், முழுத் திராட்சை இவையெல்லாம் தொண்டையை அடைப்பவை. பனி என்று பஞ்சைப் பிய்த்துத் தூவுவதும், மினுக்குத் தூளும் கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல். வேர்க்கடலை, பால், முட்டை ஒவ்வாத பிள்ளைகள் யார் என்ற பட்டியல் தாய்லாந்து ஆசிரியரிடம் இருக்கும், அதைப் பார்த்த பிறகுதான் தின்பண்டம். சீட்டுக் குலுக்கிப் பரிசு மாற்றிக் கொள்வது அங்கே புத்தாண்டு வழக்கம். எத்தனை பாட் விலையில் வாங்க வேண்டும் என்ற வரம்பைப் பள்ளியே சொல்லும், அதைத் தாண்டி வாங்கினால் மற்றப் பெற்றோருக்குச் சங்கடம்.

எங்கள் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி நட்சத்திரம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மரத்தைவிட, மார்கழி இருட்டில் நம் தெருக்களில் தொங்கும் மூங்கில் நட்சத்திரம் அங்கே எடுபடும். மூங்கில் அங்கேயும் எங்கும் கிடைக்கும். வடகிழக்கே சகோன் நகோன் மாநிலத்தில் தா ரே என்ற கத்தோலிக்க ஊர் இருக்கிறது, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அங்கே பெரிய நட்சத்திரங்களைச் செய்து ஊர்வலம் விடுவார்கள். ஆகவே இது முற்றிலும் புதிதும் அல்ல.

செய்முறை: 60 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலத்தில் 10 மூங்கில் பிளாச்சுகள். எல்லாம் ஒரே நீளம், அரை செ.மீ. கூடினாலும் நட்சத்திரம் ஒரு பக்கம் கோணும். ஒவ்வொரு பிளாச்சிலும் இரு முனையிலிருந்தும் 23 செ.மீ. அளந்து பென்சிலால் கோடு போடவும். நடுவில் 14 செ.மீ. மிஞ்சும். ஐந்து பிளாச்சுகளை ஒன்றின் மேல் ஒன்று, அடுத்ததன் கீழ் என்று மாற்றி மாற்றி வைத்து, அந்தக் கோடுகளில்தான் ஒன்றையொன்று வெட்டிக் கொள்ளும்படி அமைத்தால் ஐந்து முனையும் தானாகச் சமமாக வரும். கண்ணால் பார்த்து வைக்கிறவர்களுக்குத்தான் கோணல் நட்சத்திரம் வருகிறது. முனைகளை நூலால் கட்டி, இதே போல இன்னொன்று செய்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளிலும் சேர்த்துக் கட்டவும். பிறகு உள்ளே வெட்டும் ஐந்து இடங்களிலும் 12 செ.மீ. குச்சியை இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும். 15 செ.மீ.க்கு மேல் முட்டுக் கொடுத்தால் முனைக் கட்டு அவிழும், தாளும் கிழியும். காற்றாடித் தாள் ஒட்டி, முதுகுப் பக்கத்து ஒரு முக்கோணத்தை விளக்குப் போடத் திறந்து விடவும். 3 வாட் எல்.இ.டி. போதும், தாளில் படாமல் நடுவில் தொங்க வேண்டும்.

பசைக்கு நம்மூரில் மைதா காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மயில்துத்தம் கூடவே கூடாது, அது நஞ்சு. அங்கே மரவள்ளி மாவு மலிவு. 50 கிராம் மாவை 100 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 250 மி.லி. தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடி போல ஆகும் வரை கிளற வேண்டும். வெறும் மாவில் வெந்நீரை ஊற்றினால் கட்டி கட்டியாகி எதற்கும் உதவாது. வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளிக்கும், அன்றன்றைக்குக் காய்ச்சுவது மேல். இந்தப் பெரிய நட்சத்திரம் ஆசிரியர் வேலை. பிள்ளைகளுக்கு ஐஸ் குச்சி ஐந்து. மூன்று வயதுக்கு ஒட்டித் தயாராகக் கொடுத்து வண்ணத் தாள் ஒட்டச் சொல்லலாம். ஐந்து வயதுப் பிள்ளை தானே ஒட்டும், காய இரவு முழுக்க விட வேண்டும்.

குடிலுக்கு நம் வீடுகளில் தட்டில் முளை விடும் வழக்கம் அங்கே நன்றாகப் பொருந்தும். பச்சைப் பயறு ஓர் இரவு ஊறியதும் ஈரத் துணியில் பரப்பினால் எட்டு நாளில் பசும்புல் போல நிற்கும். 16-ஆம் தேதி போட்டால் 24-க்குச் சரி. தண்ணீர் தேங்கினால் அழுகி நாறும்; தெளிப்பது மட்டும்தான், ஊற்றக் கூடாது. முளை விடுவதைப் பிள்ளைகள் தினமும் பார்ப்பது கிறிஸ்துமஸ் பாடத்திலேயே சிறந்த பகுதி என்று நாங்கள் நினைக்கிறோம்.

திருப்பலிக்கு: பாங்காக்கில் ருவாம்ரூடி தெருவிலுள்ள மீட்பர் ஆலயத்தில் ஆங்கிலத் திருப்பலி உண்டு. பாங் ராக் பகுதியில் அசம்ப்ஷன் பேராலயம். சீர்திருத்த சபையாருக்கு சீலோம் பக்கம் கான்வென்ட் சாலையில் ஆங்கிலிக்கன் ஆலயம் இருக்கிறது. அதே சீலோமில்தான் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும், ஆக நம் ஆட்கள் கூடுமிடம் அந்த வட்டாரமே. சந்தபுரியில் வியட்நாமியக் கத்தோலிக்கர்கள் எழுப்பிய பெரிய பேராலயம் உண்டு. வெளி மாநிலங்களில் தாய்லாந்து மொழித் திருப்பலிதான். வாசகங்களைத் தமிழில் கைப்பேசியில் வைத்துக் கொண்டால் பின்தொடரலாம். நேரம் அங்கே ஒன்றரை மணி முன்னே. இங்கே நள்ளிரவுப் பூசை முடிந்து ஒன்றரைக்கு வீடு திரும்பும்போது அங்கே மணி மூன்று. அந்த நேரத்தில் குடும்பமே கூடி வீடியோ அழைப்புப் போடாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். 24-ஆம் தேதி மாலை இங்கே ஐந்து என்றால் அங்கே ஆறரை, அதுதான் பேச நல்ல நேரம். வீட்டுக் கேக்குக்கு அடுப்பு இருக்காது. மின்சாரச் சோற்றுக் குக்கரில் சுடலாம், ஆனால் மாவில் தண்ணீர் குறைவென்பதால் பத்து நிமிடத்தில் 'சூடு' நிலைக்குத் தாவிவிடும். பத்து நிமிடம் விட்டு மறுபடி அழுத்த வேண்டும், மூன்று நான்கு தடவை. நடுவில் ஈர்க்குச்சி குத்திப் பாருங்கள். பலகாரச் சாமானுக்குப் பாங்காக்கில் இந்தியக் கடைகள் நிறைந்த பாஹுரட் பகுதி.

புத்த நாடு என்றதும் அந்நியம் என்று நினைக்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினார், அதற்கு ஆனைமங்கலம் ஊரைச் சோழர்கள் கொடுத்தார்கள். அதற்கும் முன்னே, 9-ஆம் நூற்றாண்டில், இன்றைய தாய்லாந்தின் தகுவா பாவில் நம் வணிகர்கள் குளம் வெட்டித் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். அதே தகுவா பா கரையை 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தது. அன்றைக்குத்தான் நாகையையும் வேளாங்கண்ணியையும் அடித்தது. தகுவா பா இருக்கும் பாங் ஙா (Phang Nga) மாநிலக் கடற்கரைப் பள்ளிக்குப் போகிறவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: அங்கே 25 முடிந்த மறுநாள் நினைவு நாள். பான் நாம் கெம்மில் நினைவுப் பூங்கா இருக்கிறது. 24-ஆம் தேதி கட்டிய விளக்குச் சரங்களை எப்போது அணைப்பது என்று அந்த ஊர் ஆசிரியர்களிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். நாகைக் கரையிலிருந்து போகும் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவை இருக்காது.

ஆக நாங்கள் கேட்பது: முதல் பருவத்தின் அக்டோபர் விடுமுறை முடிந்து இரண்டாம் பருவத்துக்குப் போகிறவர்களுக்குச் செப்டம்பரிலேயே ஒரு முழு நாள். காலையில் விடுப்பும் மறுநுழைவு அனுமதியும், படிவத்தை நிரப்பிப் பார்க்கும் வரை. பிறகு கண்ணாடி போல ஆடும் பயிற்சி, 'இஸ்டார்' திருத்தம். மதியம் ஆளுக்கு ஒரு நட்சத்திரம், கட்டி முடிக்கும் வரை யாரும் கிளம்பக் கூடாது. பங்குப் பேரவை செய்ய வேண்டியது இரண்டு: மூங்கில் செலவு, அப்புறம் அந்த வாட்ஸ்அப் படத்தைக் கேட்காமல் இருப்பது.

இப்படிக்கு,
காவிரி டெல்டா மழலையர் ஆசிரியப் பயிற்றுநர்கள் சிலர்

பி.கு. நட்சத்திரத்தை முழுதாகக் கொண்டுபோக முடியாது. முட்டுக் குச்சிகளை உருவி, முனைக் கட்டுகளை அவிழ்த்து, 10 பிளாச்சுகளையும் ஒரு கட்டாகப் பெரிய பெட்டியில் வையுங்கள்; கோடுகளை அழிக்க வேண்டாம். பவர் பேங்கும் தனியாக எடுத்துப் போகும் பேட்டரிகளும் கைப்பையில் மட்டும்தான். விளக்கு வயரில் உருண்டையான இரண்டு முள் பிளக் இருந்தால் அங்கே அப்படியே செருகலாம், நம் மூன்று முள் பிளக் நுழையாது. மின்னழுத்தம் நம்மைப் போலத்தான், அதை மாற்றும் கருவி எதுவும் வேண்டாம்.